லோரி தர்மாவின் நல்ல கொழுப்பு

பத்தொன்பது வருடங்களாகத் தர்மாவின் கால்களுக்கு அதிக வேலை இருந்ததில்லை. இடது கால் கிளட்சை மிதிக்கும். வலது கால் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும். தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலிருந்து லோரி நிற்கும் இடம்வரை முப்பத்தைந்து காலடி. அவ்வளவுதான் அவருடைய ஒருநாள் நடை.

கியா பார்ம் என்ற ஊருக்கு மேலே, மேகம் வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும் உயரத்தில் இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். விடிந்ததும் ஆட்களை மலைக்கு ஏற்றிப் போவதும், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு இறக்கி வருவதும் தர்மாவின் வேலை. தோட்டத்தில் தர்மா என்ற பெயரில் மூன்று பேர் உண்டு. ஒருவர் கோயில் தர்மா, ஒருவர் ஆலைத் தர்மா. இவர் லோரி தர்மா. கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

லோரிக்கு வருமுன் அவரும் மலையில் நடந்தவர்தான். கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கியவர். சாயங்காலம் பந்து விளையாடியவர். பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்ட வேலைக்காரர் மகள் திலகத்தைப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை காற்றடித்தால் பறந்துவிடுவார் போலிருக்கிறதே என்று திலகத்தின் அத்தை கவலைப்பட்டாராம். அந்த அத்தை இப்போது வந்து பார்த்தால் நிம்மதி அடைவார். தர்மாவுக்கு வயது நாற்பத்தாறு, எடை எண்பத்து நான்கு கிலோ.

லோரி ஓட்டுவதில் ஓட்டும் நேரம் குறைவு. காத்திருக்கும் நேரம்தான் அதிகம். மூட்டை நிரம்பும்வரை சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே சாய்ந்து கிடப்பார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் என்னும் பால் தேநீர் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட்டும், கெட்டிப்பால் ஊற்றிய தே ஐந்து பையும், காலையில் எண்ணெயில் சுட்ட மூன்று ரொட்டி சானாயும் ஓடிவிடும். தேயிலை மலையிலேயே பிறந்தவர் வாழ்நாளில் குடித்தது பெரும்பாலும் பாலும் சீனியும்தான்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை, பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மலை வளைவில் ஏறும்போது, யாரோ நெஞ்சின்மேல் முழங்கையை ஊன்றியதுபோல இருந்தது. தர்மா வண்டியை ஓரம் கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தார். திலகம் அந்த லோரியில்தான் வேலைக்குப் போவார். முன் இருக்கையில் இருந்தவர், கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

“என்னாங்க இது, பனியில வேர்க்குமா ஒரு மனுசனுக்கு?”

“ஒண்ணும் இல்லலா. வாயு.”

“வாயுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு இருக்கட்டும். எறங்குங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தைத் தர்மா பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டார். வளைவுக்குக் கீழே முந்நூறு அடி.

டவுன் கிளினிக்கில் விக்னேஸ்வரி என்ற இளம் டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்.

“இதயம் இப்போதைக்கு ஒழுங்காத்தான் ஓடுது அங்கிள். அதுக்கு நாம நன்றி சொல்லணும். ஆனா பிரஷர் கூட. ரத்தத்துல கொழுப்பும் கூட. நல்ல கொலஸ்ட்ரால் மட்டும் ரொம்பக் கொறைவு. பாயிண்ட் எட்டு. ஆம்பளைங்களுக்கு ஒண்ணுக்கு மேல இருக்கணும்.”

“கொலஸ்ட்ரால் கொறைஞ்சா நல்லதுதானே டாக்டர்?”

“கெட்டது கொறையணும். நல்லது கொறையக் கூடாது.” டாக்டர் ஒரு கணம் யோசித்தார். “நீங்க கொழுந்து லோரிதானே ஓட்டறீங்க? ரத்தக் கொழாயில அங்கங்க தேங்கிக் கெடக்கற கொழுப்ப ஏத்திக்கிட்டுப் போயி ஈரல்ல எறக்கறது இந்த நல்லதுதான். ஈரல ஆலைன்னு வச்சிக்குங்க.”

“அப்ப என் ஒடம்புல லோரி பத்தலன்றீங்க.”

“பத்தல.”

“இவரே லோரி. இவருக்கே லோரி பத்தலையாமா!” என்றார் திலகம். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

தர்மா மாத்திரை கேட்டார். பிரஷருக்குத் தருவதாகவும், நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றி ஆளைக் காப்பாற்றும் மாத்திரை தன்னிடம் இல்லை என்றும் டாக்டர் சொன்னார். “சிகரெட்ட விடுங்க. நடங்க. எடையக் கொறைங்க. பொரிச்சது, சீனி, மைதா எல்லாத்தையும் கொறைங்க. அது தன்னால ஏறும். மெதுவாத்தான் ஏறும், அவசரப்படாதீங்க. அந்த ஒரு நம்பர் ஏறினா மட்டும் எல்லாம் சரின்னும் இல்ல. ஆனா அது ஏற நீங்க என்னென்ன செய்வீங்களோ, அதெல்லாம் பிரஷருக்கும் இதயத்துக்கும் சேர்த்துத்தான் நல்லது.”

அக்டோபர் கடைசியில் மறுபடியும் பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை ஓட்டலாம். அப்போதும் இப்படியே இருந்தால், ஆள் ஏற்றும் வண்டியை ஓட்டுவதற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பேருந்தில் திரும்பும்போது தர்மா மாதங்களை விரல்விட்டு எண்ணினார். செப்டம்பர் பாதிக்கு வந்ததும் முகம் தெளிந்தது.

“புரட்டாசி வருதுல்ல திலகா? ஒரு மாசம் சுத்த சைவம். கொழுப்பெல்லாம் ஓடிப் போயிரும் பாரு.”

திலகத்துக்கும் அது சாமியே காட்டிய வழியாகத் தோன்றியது. வருடா வருடம் இருக்கும் விரதம்தான் என்றாலும், இந்த முறை ஒரு காரியத்துக்காக இருக்கும் விரதம். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் வைத்தார். வாரத்தில் மூன்று நாள் லயத்துப் பக்கம் வந்து ஹாரன் அடிக்கும் மீன்காரரின் வேனைப் பார்த்தால் தர்மா கதவைச் சாத்திக்கொள்வார். கெம்போங் மீன் குழம்பு இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனிதர் அந்த மாதம் முழுவதும் முட்டையைக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பதிலாகத் தொட்டவை வேறு. மீன் இல்லாத தட்டு காலியாகத் தெரிகிறதே என்று திலகம் தினமும் இரண்டு பொரியல் செய்தார். மாவில் செய்து கோழி வடிவத்தில் விற்கும் சைவக் கோழியை வாங்கி, மொறுமொறுவென்று பொரித்து, அதையே மறுபடி மிளகாயில் பிரட்டினார். அப்பளம், மோர் மிளகாய், உருளைக்கிழங்கு, வாழைக்காய் பஜ்ஜி. சனிக்கிழமைகளில் கோயில் சாப்பாடு: வடை, பாயசம், மறுபடியும் வடை. லோரியில் ஏறும் பெண்கள் ஆளுக்கொரு டப்பாவில் கேசரி கொண்டுவந்து, “விரதக்காரரு, சாப்புடுங்கண்ணே” என்று முன்னால் நீட்டினார்கள். தர்மா யார் மனதையும் நோகடிக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் கிளினிக்குக்குப் போனபோது, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். பரிசு வாங்கப் போகிறவரின் முகம்.

டாக்டர் தாளைப் பார்த்தார். முந்தைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பாயிண்ட் ஏழு.”

“ஏறிருக்கா?”

“எறங்கிருக்கு அங்கிள். எடை ரெண்டு கிலோ கூடியிருக்கு. ரத்தக் கொழுப்பு முன்ன விட அதிகம். பிரஷரும் கூட.”

“மாசம் பூரா கறி மீன் தொடல டாக்டர்! சத்தியமா!”

“சரி, என்னா சாப்ட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

திலகம்தான் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். சைவக் கோழி வரைக்கும் எழுதினார், பஜ்ஜி வரைக்கும் எழுதினார், இரண்டாவது பாயசத்தில் பேனாவை மூடிவிட்டார்.

“சிகரெட்?”

தர்மா தரையைப் பார்த்தார். “இருபது ஆயிருச்சி. நாக்கு நமநமன்னுச்சி. அது சைவந்தானே டாக்டர்...”

டாக்டர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“விரதம் தப்பில்ல அங்கிள். கீரை, பருப்பு, சுண்டல்னு இருந்திருந்தா ஒடம்புக்கும் சேர்த்து விரதமா இருந்திருக்கும். நீங்க மீன விட்டுட்டு எண்ணெயப் புடிச்சிக்கிட்டீங்க. கெம்போங் மீனு கொழம்பு வச்சி சாப்ட்டா நான் என்னைக்காவது வேணாம்னு சொன்னேனா?”

திலகம் கைப்பையிலிருந்து தன்னுடைய தாளை எடுத்தார். பெண்களுக்கான சோதனையில் அந்த மாதம்தான் எடுத்தது. “எனக்கு ஒண்ணு பாயிண்ட் அஞ்சுன்னு போட்டிருக்கு டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி சோறுதான். அது எப்படி?”

“பொம்பளைங்களுக்கு இயற்கையாவே கொஞ்சம் கூட இருக்கும் ஆன்ட்டி. ஆனா நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?”

“மலையில நடக்கறத யாரு அளந்து பார்த்தா!”

“அதான். ஒரே சட்டி, ஆனா கால் வேற.”

டாக்டர் கடிதம் எழுதினார். ஜனவரி வரை ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டக் கூடாது. கை எழுதிக்கொண்டிருந்தபோதே தர்மாவின் கண் அந்தப் பேனாமுனையைப் பின்தொடர்ந்து போனது.

தோட்ட ஆபீசில், கணக்கு எழுதும் கிராணி புவனேஸ்வரனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாவி. மூன்றாவது ஆணி பத்தொன்பது வருடங்களாகப் பகலில் காலியாக இருந்தது. தர்மா சாவியை அதில் மாட்டிவிட்டு, மாட்டியது நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலச் சிறிது நேரம் நின்றார்.

“சாவி எங்கயும் ஓடிறாது தர்மா,” என்றார் கிராணி. “ஜனவரி வரைக்கும் மகேன் ஓட்டட்டும். ஒனக்குத் தோட்டத் துரை வேற வேலை போட்டிருக்காரு. மூணாம் மலை, நாலாம் மலை. எந்தத் துண்டு நெலத்துல கொழுந்து வெட்டுக்கு ரெடி, எங்க மிஷினு ஒழுங்கா வெட்டல, எல்லாத்தையும் பார்த்து எழுதிக் குடுக்கணும்.”

“எதுல போறது?”

“கால்லதான்லா.”

அன்று சாயங்காலம் கோயில் பக்கம் இருட்டில் யாரோ, “யாரது, லோரி தர்மாவா?” என்று குரல் கொடுத்தார்கள். “இல்ல,” என்றார் அவர். “வெறும் தர்மா.”

மறுநாள் காலையில் மகேன் லோரியை ஓட்ட, தர்மா பின்னால் ஆட்களோடு உட்கார்ந்து போனார். இருபத்தாறு வயது மகேன் வளைவில் கியர் மாற்றிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.  மூன்றாம் மலையில் இறங்கி நடக்கத் தொடங்கியவர், நான்காவது தேயிலை நிரையில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். இயந்திரம் எட்டாத ஓரச் செடிகளில் கத்திரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த திலகம் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னா லோரி, நின்னுருச்சி? எண்ணெ தீந்து போச்சா?”

“எண்ணெ அதிகமா போச்சின்னுதானே இங்க அனுப்பி வச்சிருக்காங்க!”

நிரை முழுக்கச் சிரித்தது. தர்மாவும் சிரித்தார். சிரித்ததில் மூச்சு இன்னும் வாங்கியது. டாக்டர் சொன்னபடி, பேச முடிகிற வேகத்தில் மட்டும் நடந்தார், முடியாதபோது உட்கார்ந்தார். முதல் வாரம் இரவில் தொடை இரண்டும் கல்லாகக் கிடந்தன. மூன்றாவது வாரத்தில் ஏழு நிரை தாண்டியது அவருக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது சாலை சின்னதாகக் கீழே கிடந்தது. பனி விலகும்போது எந்தத் துண்டில் முதலில் வெயில் விழும், எந்தச் செடியின் இலை ஒருபக்கமாகவே கருகும் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். அதே மலையை அதுவரை அவர் பார்த்தது கண்ணாடி வழியாகத்தான்.

வீட்டில் மீன் சட்டி பரணிலிருந்து இறங்கியது. வாரத்துக்கு மூன்று நாள் மீன் குழம்பு, பொரிப்பது கிடையாது. சோறு ஒரு கரண்டி குறைய, கீரையும் பீன்ஸும் கூடின. ரொட்டி சானாய் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. தே விஷயத்தில்தான் சண்டை வந்தது. பாலும் சீனியும் இல்லாமல் திலகம் ஊற்றிக் கொடுத்ததைத் தர்மா மருந்துபோல முகம் சுளித்து வாயில் வைத்தார். பிறகு சுளித்த முகத்தை மெல்ல விட்டார்.

“அட, நம்ம கொழுந்து இப்படியா இருக்கும்?”

“நாப்பத்தாறு வருசம் கழிச்சிக் கேக்கறாரு பாரு!”

சிகரெட்டுதான் கடைசிவரை மல்லுக்கு நின்றது. பெட்டி இருந்த சட்டைப் பையில் வறுத்த கடலையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். தீபாவளியன்று உரக்கிடங்குக்குப் பின்னால் இரண்டு பிடித்துவிட்டு, வாயில் ஏலக்காயோடு வந்து நின்றார். திலகம் திட்டவில்லை. முறுக்குத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். “ரெண்டுல ஒண்ணுதான். அத புடிச்சாச்சி, இது கெடையாது.” அதன் பிறகு டிசம்பர் நடுவில் மழை விடாமல் பெய்த வாரத்தில் ஒரு நாள் கை போனது. அதற்கப்புறம் போகவில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் ரத்தம் கொடுத்தார்கள். பொங்கலன்று இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதைத் தர்மா தானாகவே நர்ஸிடம் ஒப்புக்கொண்டார், யாரும் கேட்கவில்லை. முடிவு வாங்கப் போன அன்று இஸ்திரிச் சட்டை போடவில்லை. போன முறை போட்டது ராசியில்லை என்றார். கிளினிக் பெஞ்சில் அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. திலகம் அந்த முழங்கால்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் முதலில் பிரஷர் பார்த்தார். பிறகு எடை: எழுபத்தொன்பது. பிறகு தாளைத் திருப்பினார். அந்தத் தாள் திரும்பும் சத்தம்வரை தர்மாவுக்குக் கேட்டது.

“அங்கிள், உங்க லோரி எத்தனைன்னு சொல்லவா?”

“சொல்லுங்க டாக்டர்.”

“ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு.”

 திலகம்தான் கேட்டார்: “அது... போதுமா டாக்டர்?”

“போதும் ஆன்ட்டி. ரத்தக் கொழுப்பு பாதியா எறங்கிருக்கு. பிரஷரு நான் ஆசைப்பட்ட எடத்துல இருக்கு. மாத்திரைய நிறுத்தக் கூடாது, நடைய நிறுத்தக் கூடாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என்னைப் பார்க்கணும். லெட்டர் எழுதித் தரேன். வண்டி ஓட்டுங்க.”

வெளியே வந்து தர்மா மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கோ நெடுந்தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தோள் லேசாகிவிட்டதை நம்பாமல் தடவிப் பார்க்கிறவரைப் போல இரண்டு முழங்கால்களையும் தடவிக்கொண்டிருந்தார். திலகத்துக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று தீர்மானிக்க முடியாமல் மூக்கைச் சிந்தினார். “பசிக்குதுங்க,” என்றார். காலையிலிருந்து இரண்டு பேருமே எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடைக்குப் போய் தோசை சாப்பிட்டார்கள். வடை வேண்டுமா என்று கேட்ட பையனைப் பார்த்துத் தர்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

சாயங்காலம் ஆபீசில் கிராணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். திரும்பி, மூன்றாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். மகேன் அங்கேயே நின்றிருந்தான்.

“அண்ணே, சீட்ட முன்னால தள்ளி வச்சிருக்கேன். ரேடியோ மாத்திருக்கேன். கோவிச்சிக்காதீங்க.”

“வளைவுல ரெண்டாவது கியரப் போட்டியா?”

“போட்டேன்ணே.”

“பொய் சொல்றான் கிராணியாரே. மூணு மாசம் பின்னால உக்காந்து வந்தவன் நான்.”

மறுநாள் விடியற்காலையில் தர்மா இருக்கையைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே முன்பில்லாத இடம் இருந்தது. மீண்டும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். பதினான்கு பேர் பின்னால் ஏறினார்கள், திலகம் முன்னால். மூன்றாம் மலை வளைவில் இரண்டாவது கியர் விழுந்தது. பின்னாலிருந்து பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன. ஒரு நொடிகூட ஓயவில்லை. அது தர்மாவுக்குக் கேட்டது.

மலையில் எல்லாரும் இறங்கிய பிறகு அவரும் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

“நீங்க எங்க?” என்றார் திலகம். “மூட்டை நெறைய இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்.”

“அதான். நாலாம் மலையில ஒரு துண்டு வெட்டுக்கு வந்திருக்கும். பாத்துட்டு வந்துர்றேன்.”

“அது இப்ப ஒங்க வேலை இல்லியே!”

“தெரியும்லா.”

சாவியைச் சட்டைப் பையில், கடலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். முதல் நிரையில் கால் வைத்ததும் அது கடலையில் உரசிச் சலசலத்தது. திலகம் கத்திரியை எடுத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே ஏறினார்.